ஒன்பது ஆடிக்கு ஒன்பது போஸ்டர்

அனுப்பிரியாவுக்குத் தலைக்கனம் என்று போடியில் நாலு பேர் பேசுகிறார்கள். கல்யாண பேனரில் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடு என்றால் முடியாது என்கிறாளாம். அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்குப் பெரியவரின் சுருக்கத்தை எடுத்துவிடு என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்கிறாளாம். அப்புறம் என் அச்சகத்துக்கு வந்து, "சிக்கந்தர் பாய், ஒங்க ஆளு என்ன இப்பிடிப் பண்ணுது?" என்று என்னிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். அவள் என் ஆளும் இல்லை, யார் ஆளும் இல்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாக டிசைன் செய்து பிழைக்கிறவள். காரணம் தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேட்டுத் தொலையுங்கள். அவளிடம் கேட்காதீர்கள்.

அவளுடைய அப்பா முத்துக்கண்ணன் மலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய் வந்தவர். ஜீப்பிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு அவருக்கு ஞாபகம் தங்கவில்லை. பெயரைக் கேட்டால் சிரிப்பார். 2014 ஆனியில் ஒரு காலை, பழைய பழக்கத்தில் தோட்டத்து ஜீப் ஒன்றில் ஏறி, கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டிப் போனவர் திரும்பவில்லை. அனுப்பிரியாவுக்கு அப்போது பதினெட்டு வயது.

அம்மா ஈஸ்வரி அழுதுகொண்டே எங்கேயோ ஒரு கடையில் 'காணவில்லை' போஸ்டர் அடித்தாள். ரேஷன் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை, ஒரே மை. அதை எடுத்துக்கொண்டு என் அச்சகத்துக்கு வந்தாள் இந்தப் பெண். மேஜையில் வீசினாள்.

"இது மனுசன் மொகமாண்ணே? இதப் பார்த்து எங்கப்பாவ எவன் கண்டுபிடிப்பான்?"

அதை நான் அடிக்கவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. சொல்லித்தர எனக்கு ஏது நேரம்? அவளாகவே நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டாள். அடுத்த வருட ஆடிக்குள் அப்பாவின் படத்தைத் துடைத்தெடுத்து, தமிழிலும் மலையாளத்திலும் தன் முதல் போஸ்டரை அடித்துவிட்டாள். அந்த முகம் அப்படியே பேசியது.

அந்தக் கை ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏலக்காய்ப் பாக்கெட் லேபிள், பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டுமலர் என்று சோலி குவிந்தது. பிறகு மதுரைப் பதிப்பகம் ஒன்று புத்தக வேலை கொடுத்தது. தடித்த புத்தகமென்றால் தையல் பக்கம் எழுத்து உள்ளே போய்விடும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று என் மெஷின்காரருக்கே பாடம் எடுப்பாள். அறுபது புத்தகத்துக்கு மேல் செய்துவிட்டாள். நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதும் உண்டு, மறைப்பானேன்.

எத்தனை வேலை இருந்தாலும் ஆடி பிறந்தால் அப்பாவின் போஸ்டரைத்தான் முதலில் எடுப்பாள். போன வருடப் படத்துக்கு ஒரு வயது கூட்டுவாள். காதோரம் இன்னும் கொஞ்சம் நரை, நெற்றியில் ஒரு கோடு. ஆறாவது வருடம் கண்ணாடி போட்டுவிட்டாள். நான் சும்மா அடித்துக் கொடுப்பேன். ஜீப் ஓட்டும் சுருளி அந்தக் கட்டை வாங்கிப்போய், மலைக்கு அந்தப் பக்கம் கடை, ஆஸ்பத்திரி, ஆதரவற்றோர் இல்லம் என்று கண்ட சுவரிலெல்லாம் ஒட்டிவிட்டு வருவான்.

ஒரு தடவை ஈஸ்வரி பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தாள்.

"கன்னம் இம்புட்டு இருக்காதுடி. யாரு அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டிருப்பா? ஒட்டிப்போயிருக்கும்."

"சும்மா இரும்மா! எங்கப்பா நல்லாத்தான் இருப்பாரு. வாயக் கழுவு."

ஈஸ்வரி சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பட்டது. வாயைத் திறந்தேனா? இல்லை. எப்படிச் சொல்வது? பெற்ற அப்பனை எலும்பும் தோலுமாக வரை என்று ஒரு பெண்ணிடம் சொல்ல என்னால் முடியவில்லை. இன்றைக்கும் ராத்திரி படுத்தால் அது என் நெஞ்சை அறுக்கிறது.

ஒன்பதாவது போஸ்டர் அடித்து ஆறு மாதம் இருக்கும். தை மாதம் ஒரு மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கத்து இல்லம் ஒன்றிலிருந்து போன் வந்தது. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் "ஈஸ்வரி, ஈஸ்வரி" என்றே அனத்தினாராம். போஸ்டரில் தொடர்புக்குப் போட்டிருந்த பெயரும் அதுதானே என்று ஒரு சிஸ்டருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுருளியின் ஜீப்பில் நாங்கள் மூன்று பேரும் போனோம். வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார்கள். மொட்டையடித்த தலை, பல் இல்லாத வாய், குழிந்த கன்னம். அனுப்பிரியா குனிந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, இது யாருண்ணே?"

ஈஸ்வரி துணியை நகர்த்தி அவருடைய காலைப் பார்த்தாள். அவ்வளவுதான், அடையாளம் தெரிந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டு விழுந்துவிட்டாள்.

மூன்று வருடமாக அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். பெயர் சொல்லத் தெரியாததால் பெரியவர் என்ற அர்த்தத்தில் அப்பச்சன் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு சிஸ்டர் எங்களைக் கூட்டிப்போனார். எதிர்ச்சுவரில் வரிசையாக மூன்று போஸ்டர். கடைசி மூன்று ஆடிக்கு அடித்தவை. நரைத்த முடியும் கண்ணாடியும் கொழுகொழு கன்னமுமாக முத்துக்கண்ணன் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க நோக்காம இல்ல மோளே," என்றார் சிஸ்டர். "படத்தில உள்ளது நல்ல தடியுள்ள ஆள். இவர் வந்தப்போ எல்லும் தோலும். எங்களுக்கு மனசிலாகல."

அனுப்பிரியா போஸ்டரில் இருந்த அந்தக் கன்னத்தின் மேல் கை வைத்தாள்.

"நாந்தாண்ணே மறைச்சுட்டேன். எங்கப்பாவ யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நானே வருசா வருசம் மறைச்சு வச்சிருக்கேன்."

"அப்படிச் சொல்லாத ஆத்தா," என்றேன்.

அவர் எங்கே உட்காருவார் என்று கேட்டாள். போஸ்டருக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சை சிஸ்டர் காட்டினார். அதில் போய் உட்கார்ந்தாள்.

"இதப் பார்ப்பாரா சிஸ்டர்?"

"எப்பவும் பார்ப்பார். சில நாள் என்னைக் கூப்பிட்டுக் கேப்பார். 'இந்த ஆளு கெடைச்சுட்டாரா? பாவம், வீட்ல தேடிக்கிட்டிருப்பாங்கல்ல'ன்னு." சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லன்னு சொன்னா அன்னைக்கு அவர் சரியாச் சாப்பிட மாட்டார், மோளே."