பேரைச் சொல் என்று அடித்தோம்

என் மூத்த மகள் ரோசம்மாளின் வாயைத் திறந்தருளும் என்று சர்வேசுரனிடம் ஒன்பது மாதம் கெஞ்சினேன். திறந்தார். எப்படித் திறந்தார் என்று சொல்லத்தான் வெட்கத்தை விட்டு உங்கள் முன் நிற்கிறேன்.

யுத்தம் தொடங்கிய வருஷம் எங்கள் ராயப்பன்பட்டியில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். என் சின்ன மகள் மரியாளுக்கும் வந்தது. நாலு வயது. வீட்டுக்காரர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருந்தார். நான் நடவுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. சின்னவளை ரோசம்மாளின் மடியில் போட்டுவிட்டுப் போனேன். ரோசம்மாளுக்குப் பன்னிரண்டு வயது. திரும்பி வந்தபோது பிள்ளை அந்த மடியிலேயே விறைத்துக் கிடந்தது.

எனக்கு எப்போதும் வாய் நீளம். இழவு வீட்டில் ஊரே கேட்க, "மடியில வச்சுக்கிட்டே சாகவிட்டியாடி, பாவி" என்றேன்.

அன்றைக்கு மூடினாள் வாயை. பேச்சில்லை, அழுகையில்லை. கஞ்சி ஊட்டினால் கடைவாயில் வழியும். மூலையில் உட்கார்ந்து தலைமுடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். மந்திரித்த எண்ணெய் தடவினோம். ஓயாமல் செபமாலை உருட்டினேன். ஒன்றும் அசையவில்லை. ஒரு நாள் "இவளையும் எடுத்துக்கொள்ளும்" என்றே வேண்டிவிட்டேன். பெற்றவள் சொல்கிற செபமா அது?

"இது காத்துச் சேட்டைதான். கெபிக்கு முன்னால கட்டிப்போட்டா, பேயி பேரைச் சொல்லிட்டு ஓடிரும்" என்றார் என் மச்சான், அதாவது கணவரின் அண்ணன். பேர் சொல்லாத பேய் போகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தவக்காலத்தில் வெளியூரில் குகைபோல் கட்டிய கெபிக் கோயில் ஒன்றுக்குக் கூட்டிப்போய்த் தூணில் கட்டினோம். கயிற்றை நான்தான் முடிந்தேன். மச்சான் பிரம்பை ஓங்கி, "யாரு நீ? பேரைச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவள் உதடு அசைந்தது.

"பெரியப்பா, அடிக்காதீக. நான் ரோசம்மா."

"பேயி பொய் சொல்லுது" என்று மச்சான் மறுபடி ஓங்கினார்.

என் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? குறுக்கே விழுந்தேன். அடி என் முதுகில் விழுந்தது.

"விடுங்க மச்சான். பேயுமில்ல பிசாசுமில்ல, இது ஏம் பிள்ள."

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். "நான் சொன்னது தப்பு ஆத்தா. அவ காய்ச்சல்ல செத்தா, ஒன்னால இல்ல. விட்டுட்டுப் போனவ நான்தான்" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அழுதாள். தங்கை செத்து ஒன்பது மாதம் கழித்து.

குணமாகிவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. பாதி நாள் பாயைவிட்டு எழுவதில்லை. ஏதோ ஒரு நாள் தண்ணீர் கேட்பாள். அதற்கே தோத்திரம் சொல்கிறேன். முன்போல் வாயாடாமல் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி உட்கார்ந்திருந்தால் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கயிற்றோடு மட்டும் போகாதீர்கள். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். நான் கேட்டுவிட்டேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிறவரை எங்கள் இரண்டு பேரையும் உயிரோடு வைத்திரும் என்பதுதான் இப்போது என் செபம்.