ஸ்பெயார் ரயர் இருந்த இடத்தில் கட்டுச்சோறு

அடியார்களே, நடுவீதியில் என் மனைவி சாந்தி மூச்சுக்குத் தவித்தாள். கார் ரயரில் காற்று இல்லை. போனில் சிக்னல் இல்லை. அவளுடைய ஆஸ்துமா பம்பில் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. "பிள்ளையாரப்பா, ஆரையாவது அனுப்பு!" என்று கத்தினேன்.

அந்த நிலைக்குக் காரணம் நான்தான்.

போன ஆவணியில் மெல்பேர்ன் நோபிள் பார்க்கிலிருந்து கனடாவுக்குப் போனோம். அங்கே வடக்கில் வேலை செய்யும் சாந்தியின் தம்பி ரஞ்சன், ஆர்க்டிக் கடல் வரை போகும் சரளைக்கல் வீதியில் எங்களைக் கூட்டிப்போனான். நான் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவன். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தொடக்கம் எல்லோரும் என்னை ஏமாற்றியவர்கள். ஒருவரையும் நம்பமாட்டேன். வழிக்கடைச் சாப்பாட்டில் மாட்டுக்கொழுப்பு இருக்குமென்று மூன்று நாளுக்குக் கட்டுச்சோறு கட்டினேன். டிக்கியில் இடம் போதவில்லை. ரஞ்சனுக்குச் சொல்லாமல் ஸ்பெயார் ரயரைக் கழற்றி அவன் வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கூர்க்கல் ஒன்று ரயரில் ஏறியது. ரஞ்சன் டிக்கியைத் திறந்து பார்த்தான். ரயர் குழிக்குள் சோற்றுப் பொதிகள்.

"அத்தான், இப்ப சில்லுக்குப் பதிலா புளிச்சோத்தையோ பூட்டுறது?"

சிக்னல் தேடி அவன் மேட்டில் ஏறிப் போனான். லொறிகள் கிளப்பிய புழுதியில் சாந்திக்கு மூச்சு முட்டியது. அப்போதுதான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

ஒரு லொறி நின்றது. கழுத்துவரை பச்சை குத்திய ஒருவன் இறங்கினான். காரைச் சுற்றி வந்தான். டிக்கிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு சாந்தியை உற்றுப் பார்த்தான். அவளை ஏன் பார்க்கிறான்? சில்லுக் கழற்றும் இரும்பைக் கையில் எடுத்தேன். "எல்லாம் இருக்கு, எங்கட ஆக்கள் வருகினம், நீ போ" என்று ஆங்கிலத்தில் பொய் சொன்னேன். அவன் இரும்பைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினான். போய்விட்டான்.

சாந்தி மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "கேட்டதும் நீங்கள்... கலைச்சதும் நீங்கள். தும்பிக்கையோடயே வரோணும் உங்களுக்கு?"

கல்லில் முழங்காலிட்டேன். நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. "நல்லவனோ கெட்டவனோ எண்டு எனக்கு ஆளை மட்டுக்கட்டத் தெரியாது. திரும்ப ஒருக்கா அனுப்பு" என்று அழுதேன்.

அரை மணித்தியாலத்தில் ஒரு பிக்கப் வந்தது. அதே பச்சை குத்தியவன். கூடவே இரண்டு பேர். ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறான் என்றுதான் நினைத்தேன். கை தானாக இரும்புக்குப் போனது. அதற்குள் ஒரு பெண் ஒட்சிசன் போத்தலோடு குதித்துச் சாந்தியிடம் ஓடினாள். இரும்பைக் கீழே போட்டேன்.

அவர்கள் வீதி திருத்துபவர்களின் முகாமிலிருந்து வந்தவர்கள். ரயரின் ஓட்டையை அடைத்துக் காற்றடித்தார்கள். நான் விரட்டியும் ஏன் வந்தாய் என்று அவனிடம் கேட்டேன்.

"ஸ்பெயார் இல்லை என்று கண்டேன். அவளுடைய உதடு நீலமாக இருந்ததையும் கண்டேன். இந்த வீதியில் நிற்பவர்களை விட்டுப் போவதில்லை" என்றான். மேட்டிலிருந்து திரும்பியிருந்த ரஞ்சன் கொடுத்த புளிச்சோற்றை நின்றபடியே தின்றான். இன்னொரு பொதியும் கேட்டு வாங்கினான்.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் சாந்தி தேறினாள்.

மெல்பேர்ன் திரும்பியதும் த பேசினில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். இப்போதும் ஆட்களை ஏற இறங்கப் பார்க்கிறேன். அது போகவில்லை. ஆனால் பார்த்து முடியும்வரை கையில் இரும்பு எடுப்பதில்லை.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். அனுப்புவார். உங்களுக்குப் பிடித்த முகத்தோடுதான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்து நிற்காதீர்கள். விரட்டிவிட்டால், எல்லோருக்கும் அவர் இரண்டாம் தரம் அனுப்புவாரோ, எனக்குத் தெரியாது.