ஈரலுக்குள்ளும் ஒரு பழைய சாமான் கடை

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சிம்மக்கல்லில் பழைய சாமான் கடையில் தரம் பிரிப்பது என் வேலை. ஓட்டை வாளி உடைந்துபோய்ப் புது வாளியாகத் திரும்பி வரும் என்று நினைத்தாலே எனக்குக் குஷிதான். சரி, சொல்ல வந்தது அதில்லை.

என் ஈரலில் மஞ்சள்காமாலைக் கிருமி தங்கியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒத்தக்கடையில் பேத்திக்குப் பெண் குழந்தை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். இவளை மட்டும் வாசலில் நின்றே பார்த்தேன். எனக்கென்று தட்டும் டம்ளரும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

பேத்தி ஆராய்ச்சி செய்வதே இந்தக் கிருமியைப் பற்றித்தான்.

"அம்மாச்சி, என்னத்துக்கு அங்கிட்டே நிக்கிற? உள்ள வா."

"பிள்ளைக்கு ஒட்டிக்கிருமேத்தா."

"ஒனக்கு இருக்குறது ரத்தத்துல பரவுறது. தொட்டா, சேந்து சாப்பிட்டா ஒட்டாது. பாப்பாவுக்குப் பொறந்தன்னைக்கே தடுப்பூசியும் போட்டாச்சு."

"அப்ப உள்ள ஒக்காந்து என்னதான் பண்ணுது அது?"

"ஒன் கடை மாதிரிதான். ஈரல்ல இருக்க ஒவ்வொரு செல்லும் வீணாப்போனத ஒரு சாக்குல கட்டி, ஒடைக்கிற எடத்துக்கு அனுப்பும். ஒடைச்சத வச்சுப் புதுசு செஞ்சுக்கும். இந்தக் கிருமி அந்தச் சாக்குலயே ஏறி ஒக்காந்துக்கிட்டு, ஒடைக்கிற எடத்துக்குப் போக விடாம, தன்ன மாதிரியே அம்புட்டுக் கிருமிய உண்டாக்கிருது."

"அடி ஆத்தி, என்னா சூது! சாக்கையெல்லாம் கொளுத்திப்புட்டா?"

"அப்பறம் ஈரல் தன் குப்பைய எதுல அள்ளும்? அங்கதான் அம்மாச்சி நாங்களும் முழிச்சுக்கிட்டு இருக்கோம்."

படித்தவர்கள் முழிக்கிற இடத்துக்கு நானும் வந்துவிட்டேனே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

தட்டைப் பையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். பேத்தி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். தகரம் கிழித்த காயம், இன்னும் ஈரமாக இருந்தது.

"கட்டுப் போட்டுவிடுறேன். பாப்பாவ மடியில வச்சுக்க. குளிப்பாட்டுறது மட்டும் இது ஆறுன பெறகு."

எங்கள் வேலையில் கீறல் இல்லாத கை ஏது? ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று கிழிக்கும். அதனால் கடைக்கே போகவில்லை. முதலாளி போன் பண்ணினார்.

"என்ன ஆத்தா, ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தேன் இருக்கேன். கைக்கு மட்டும் லீவுங்க."

காயம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த அன்று காலை, பேத்தி என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் கால்களின் மேல் கிடத்தினாள். வெந்நீர் பட்டால் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நெட்டி முறித்து, என் சேலையை நனைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.