ஒரு தொழிலுக்கு ஒருத்தர்

லிங்கராஜபுரத்து ஜானகி பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டுப் பிழைத்தவள். முதுகு ஒத்துழைக்காமல் போனதும், தன்னிடம் வேலை கற்ற ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடுகளுக்கு ஆள் அனுப்பத் தொடங்கினாள். இந்த வருஷம் மார்ச்சில் இரண்டு நோயாளிகள் அடுத்தடுத்துத் தேறிவிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் நான்கு பெண்களுக்கு வேலையில்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் புது வீடு கிடைக்காவிட்டால் பெரிய ஏஜென்சிக்குப் போய்விடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

அதனால்தான் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்க ஒரு குழுவை ஆரம்பித்தாள். புதன்கிழமை காலை ஏழு மணி, மெயின் ரோடு ஹோட்டல் மாடி. ஒரு தொழிலுக்கு ஒருத்தர் மட்டும். வாரம் ஒரு வாடிக்கையாளரின் பெயரை இன்னொருவருக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வீட்டுக்குப் போனால் யார் சொல்லி வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்கு விடும் ஹரிஷ்குமார், பிசியோதெரபி பார்க்கும் வீணா என்று ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒன்பதாவது ஆள் நாகேஷ். சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொடுப்பவர்.

நாகேஷ் அதிகம் பேச மாட்டார். காபி முடிந்ததும் எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வதில்லை. திமிர் என்றார் ஹரிஷ்குமார்.

தவறு செய்தது ஜானகிதான். எல்லோர் பெயரையும் ஒரே அட்டையில் அச்சடித்தாள். ஜானகி, நோயாளி பராமரிப்பு. அதற்கு நேர் கீழே, நாகேஷ், ஐஸ் பெட்டி, எந்நேரமும் அழைக்கலாம். விவேக் நகரில் பக்கவாதத்தில் கிடந்த ஒருவரின் மகள் அட்டையை இரண்டு முறை படித்தாள். "எங்கப்பா இன்னும் உயிரோடதான் இருக்காரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த புதன் நாகேஷ் வருவதற்குள் காரியத்தை முடிக்கப் பார்த்தார் ஹரிஷ்குமார். "அவரு சாவுக்குப் போறவரு அக்கா. நம்ம நடுவுல எதுக்கு? எடுத்துடுங்க."

"உங்க கட்டில்ல படுத்தவங்க எல்லாரும் எழுந்து நடந்துட்டாங்களா ஹரிஷ்?"

வீணா காபி டம்ளருக்குள் சிரித்தாள். படியேறி வந்த நாகேஷின் காதில் எவ்வளவு விழுந்ததோ, உட்காராமல் ஜானகியைத் தனியே அழைத்தார்.

"ஈஜிபுரால ஒரு வீடு. ஐயா போயிட்டாரு. அந்தம்மா சந்திரம்மா, இடுப்பு ஒடஞ்சு படுக்கைல. அவருதான் பாத்துக்கிட்டாரு. பொண்ணு காரியம் முடிச்சு துபாய் திரும்பணும். என் பேரு மட்டும் சொல்லாதீங்க அக்கா. ஐஸ் பெட்டிக்காரன் அனுப்பினான்னா உள்ள விடமாட்டாங்க."

காரியம் முடிந்த மறுநாள் ஜானகி போனாள். சந்திரம்மாவின் குதிகாலையும் முதுகையும் பார்த்தாள். புண் தொடங்கியிருக்கிறது, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் பெரிதாகிவிடும் என்று மகள் மமதாவிடம் நேராகச் சொன்னாள்.

யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டாள் மமதா.

கிடைக்கவிருந்த ஒரே புது வீடு இது. ஆனால் பெயரை மறைத்து, பின்னால் தெரிந்தால் இதுவும் போகும், பேரும் போகும்.

"அப்பாவுக்குப் பெட்டி கொண்டுவந்தாரே, நாகேஷ். அவருதாம்மா."

மமதா அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். "அப்பாவ உள்ள வைக்கறப்ப தலைக்கு அடியில கை குடுத்தாரு. இடிக்கக் கூடாதுன்னு. நாங்க யாரும் சொல்லல." பிறகு, பகலுக்கு இருவர், இரவுக்கு இருவர் என்று நான்கு பெண்களும் முறைபோட்டு வர ஏற்பாடு செய்துகொண்டாள்.

புதன்கிழமை ஜானகி வீட்டையும் சொன்னாள், கொடுத்தவர் பெயரையும் சொன்னாள். ஹரிஷ்குமார் இட்லியில் மும்முரமானார். நாகேஷ் காபியை முடித்து எழுந்தார்.

"சொல்லிட்டுப் போறதே கிடையாதா?" என்றாள் ஜானகி.

"சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதில்லக்கா. இருபது வருஷப் பழக்கம்."

"இது ஹோட்டல்."

அவர் படிக்கட்டு வரை போய் நின்றார். "வரேன்க்கா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

புது அட்டையிலும் அவர் பெயர் இருக்கிறது. பின்பக்கத்தில், தனியாக.