இஸ்திரி போட ஆள் தேவை

என் அக்கா வீட்டுக்காரரைப் போல் நேர்மையான மனிதரைப் பார்க்க முடியாது. இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்லுவார், ஒரு நாளைக்கு நாலு தடவை. தெருவில் அவருக்கு 'ரூல்ஸ்' என்று பெயர். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிக்னலில் பச்சை விழும்வரை நிற்பார். பின்னால் நிற்பவன் ஹாரனை அழுத்தி அலறவிட்டால், பரிசு வாங்கியவர் மாதிரி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அவருடையது சலவைக் கடை. முன்னால் கல்லா, நடுவில் துவைக்கும் மெஷின்கள், பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் இஸ்திரி மேஜை. லாட்ஜுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் கசங்கிய மூட்டையாக அந்த அறைக்குள் போகும், மடித்து அடுக்கிய கட்டாக வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "ஒண்டி ஆளா நின்னு இந்தக் கடையத் தூக்கி நிறுத்தினேன்" என்பார் மாமா. அந்த ஒண்டி ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்க, இருபது வருஷத்துக்கும் மேலாக உள்ளே நின்றுகொண்டே இஸ்திரி போடுவது என் அக்கா.

அக்காவின் மகள் வாழ்க்கைப்பட்டது ஒரு ராத்திரி பஸ் பயண தூரத்தில். அவளுக்கு வேலையும் அங்கேதான், ஆஸ்பத்திரியும் அங்கேதான். முதல் பிரசவத்தின்போது உடனிருக்க அக்கா கிளம்பினாள். லாட்ஜுகள் நிரம்பி வழிந்த சமயம் அது. "நீ போயிட்டா யாரு இஸ்திரி போடறது?" என்று கேட்டார் மாமா. அக்கா பையைப் பிரித்துப் புடவைகளை மறுபடி பீரோவில் வைத்தாள். கடைசியில் அவள் பேத்தியைப் பார்க்கப் போனபோது அது தவழ்ந்து வாசல்வரை வந்து, யாரோ அந்நியப் பொம்பளை என்று மிரண்டு அழுதது. திரும்பி வந்து அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது மகளுக்கு இரண்டாவது. இந்தத் தடவையாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள் அக்கா. மாமா தாராள மனசுக்காரர் அல்லவா, உடனே வழி சொன்னார்.

"வெளிநாட்டுலேர்ந்து ரெண்டு பேர எடுக்கப் போறேன். அவங்க வந்ததும் நீ ஜாலியா போயிட்டு வா."

எங்கள் தெருவில் வெளிநாட்டு ஆள் எடுப்பது புதிதில்லை. எதிர்க்கடை பேக்கரிக்காரர் மூன்று பேரைச் சுற்றுலா விசாவில் வரவழைத்தார். அவர்களுடைய பாஸ்போர்ட் அவர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பாவம், சுற்றுலா வந்தவர்கள் இதுவரை பேக்கரி அடுப்பைத் தவிர வேறெதையும் சுற்றிப் பார்க்கவில்லை. "உங்களுக்கும் பிடிச்சுத் தரட்டுமா?" என்று பேக்கரிக்காரர் கேட்டபோது, மாமா அவரைக் கடைப்படி ஏறவிடாமல் அனுப்பினார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிவிட்டேன்.

சட்டப்படி எடுப்பதென்றால் விண்ணப்பம், ஒப்பந்தம், காப்பீடு, தங்க அறை என்று ஆயிரம் இருக்கிறது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அக்கா பக்கத்தில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ கடையில எத்தனை பேர் வேலை பாக்கறாங்கன்னு கேட்டிருக்கு," என்றேன்.

"யாருமில்லைன்னு போடு," என்றார் மாமா.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உறையின் மூலையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். யாருமில்லை என்று எழுதினேன்.

பிறகு மாமா ஒப்பந்தத்தை வாய்விட்டுப் படித்தார், ஏதோ தானே இயற்றியது போல. "எட்டு மணி நேரம்தான் வேலை. மேல போனா கூடுதல் சம்பளம். வாரத்துல ஒரு நாள் லீவு. உடம்பு சரியில்லன்னா சம்பளத்தோட லீவு. வீட்டுல பிரசவம்னா பதினஞ்சு நாள் லீவு."

"பிரசவத்துக்கா?" என்றாள் அக்கா.

"ஆமா. பொண்டாட்டியோ, மகளோ, யாரா இருந்தாலும் சரி. அவங்களும் மனுஷங்கதானே? நாமதான் புரிஞ்சு நடந்துக்கணும்."

அக்கா அடுத்த உறையை எடுத்து மடித்தாள்.

வெளிநாட்டு ஆளைக் கேட்பதற்கு முன்னால் உள்ளூர் ஆளுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தொழிலாளர் அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். தகுதியான உள்ளூர்க்காரர் வந்தால் எடுக்க வேண்டும், அல்லது வேண்டாம் என்பதற்கு நியாயமான காரணம் சொல்ல வேண்டும். மாமாவுக்குக் கவலையே இல்லை. அந்தப் புழுக்கத்தில் நாளெல்லாம் நிற்க எவனும் வரமாட்டான் என்று அவருக்கே தெரியும். கெடு முடிந்ததும் அதிகாரி கூப்பிட்டபோது அனுமதி கிடைத்துவிட்டது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரி ஒரு பெண். "ஒருத்தங்க அப்ளை பண்ணியிருக்காங்க சார்," என்றார். "இருபது வருஷத்துக்கு மேல அனுபவம். நீங்க போட்ட சம்பளத்துக்குச் சம்மதம்."

"யாரு மேடம் அந்தப் புண்ணியவான்?"

அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். மேலே அக்காவின் போட்டோ. மாமா அதை உற்றுப் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"இது என் பொண்டாட்டி மேடம்!"

"சரி. வேலை தெரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? அவள மாதிரி விரிப்பு மடிக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது."

"அப்போ வேண்டாம்னு சொல்ல என்ன காரணம்?"

"அவ ஏற்கெனவே என் கடையிலதான் வேலை பாக்கறா."

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "கடையில ஆளே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பொய்யா எழுதினீங்க?"

பொய் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நான் பொய் எழுதினதே கிடையாது மேடம்."

"அப்போ ஆள் இல்லை. இவங்க வேலை கேட்டு வந்திருக்காங்க. இவங்கள எடுத்துக்கங்க. மீதி ஒரு இடத்துக்கு வெளிநாட்டு ஆளுக்கு அனுமதி தரேன்."

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஊர் முன்னால என் மானத்த வாங்கிட்டியே! என்கிட்ட கேட்டிருந்தா நான் போக வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"கேட்டேனே," என்றாள் அக்கா. "போன தடவை கேட்டேன்."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். விதி என்றால் விதி. தொழிலாளி நிற்கும் அறைக்குக் காற்று வர வேண்டும் என்று அதில் இருந்ததால் சுவரை உடைத்து ஜன்னலும் வைத்தார். இத்தனை வருஷம் அங்கே நின்றவள் மனைவி, அவளுக்குக் காற்று தேவைப்படவில்லை போலிருக்கிறது. தொழிலாளிக்குத்தான் உடனே வேர்த்தது.

மகளுக்கு நாள் நெருங்கியதும் அக்கா விடுப்புக் கேட்டாள், கிடைத்தது, பஸ் ஏறினாள். வெளிநாட்டு ஆள் வந்து சேர இன்னும் நாள் இருந்தது. இஸ்திரி மேஜைக்கு மாமாவே போனார். முதல் நாளே ஒரு விரிப்பில் பெட்டியின் முத்திரை பழுப்பாக விழுந்தது. மறுநாள் லாட்ஜ் மேனேஜர் ஒரு கட்டு விரிப்பை அப்படியே திருப்பி அனுப்பினார். கை கொப்பளித்து, கால் வீங்கி, "அவ எப்படித்தான் நின்னாளோ" என்று என்னிடம் வந்து முனகினார்.

"நின்னுக்கிட்டிருந்தப்ப கேட்டிருக்கலாமே," என்றேன். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

குழந்தைக்கு இந்த விதியெல்லாம் தெரியவில்லை. டாக்டர் சொன்ன தேதி தாண்டியும் அது வெளியே வரவில்லை. பதினைந்து நாள் முடியும் அன்று சாயங்காலம் நான் கடையில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். கொப்பளித்த கையில் பிடிக்க முடியாமல் மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னும் வலி எடுக்கல," என்றாள் அக்கா. "இன்னிக்கோட லீவு முடியுது. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. மாமா ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினார். லீவை நீட்டிக்க ஒரு வரியும் அதில் இல்லை. "வரலன்னா ஆப்சென்ட் போடணுமே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மாமா மேஜையில் குவிந்து கிடந்த விரிப்புகளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"பஸ் ஏறாத," என்றார். "உனக்குக் காய்ச்சல்னு எழுதிக்கறேன். அதுக்குத் தனியா லீவு இருக்கு."

நான் வாயைப் பிளந்தேன். ஆளில்லாத சிக்னலில் நிற்கும் மனிதர், வேர்த்து வழிய, ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.



"எனக்குக் காய்ச்சல் இல்ல," என்றாள் அக்கா. "என் மகளுக்கு இன்னும் குழந்தை பொறக்கல. அதையே எழுதுங்க."

மாமா பேனாவைத் தேடி எடுத்து, அதையே எழுதினார்.