ஹாஜியார் போன காருக்குக் காத்து எடுத்தது

ரேடியேட்டரில விளிம்பு வரைக்கும் தண்ணி நிக்குது, ஆனா எஞ்சின் கொதிக்குது. அப்பிடிக் கண்டா உள்ளுக்க காத்து அடைபட்டிருக்கு எண்டு விளங்கிக்கொள்ளுங்க. இந்தச் சின்ன விசயம் விளங்காத ஒரு மனிசனிட்ட நான் வருசக்கணக்கா வேல செஞ்சன். இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

ஐம்பதுகளில நடந்தது. கல்முனையில எங்கட முதலாளிக்கு ஒரு கராஜும், வாடகைக்கு விடுற ஒரு கறுப்புக் காரும் இருந்திச்சி. கார் திருத்துறதும் நான்தான், ஓட்டுறதும் நான்தான். மருதமுனை நெசவுகாரர் மீராலெப்பைக் காக்கா ஹஜ்ஜுக்குப் போற நாள் அது. மனிசன் வாழ்நாள் முழுக்கத் தறிக்குழியில இருந்து சாரம் நெய்து சேத்த பயணம். பின்னேரம் மட்டக்களப்பில ரயிலைப் புடிச்சாத்தான் கொழும்பில கப்பல் ஏறலாம். ரயிலை விட்டா கப்பலும் இல்ல, அந்த வருசம் ஹஜ்ஜும் இல்ல.

அண்டைக்குப் பாத்துக் காரிட கீழ் ஹோஸ் வெடிச்சிட்டு. புது ஹோஸ் போட்டன். பழைய தண்ணி எல்லாம் ஓடி, எஞ்சின் வெறுமையாக் கிடந்திச்சி. இனித்தான் கவனம் வேணும். காரிட மூக்க உசத்தி வைக்கோணும், எஞ்சின் ஹெட்டில காத்துப் போறதுக்கு உள்ள பிளக்கத் தளர்த்தோணும், தண்ணிய நூல் மாதிரி ஊத்தோணும். காத்து கொப்புளம் கொப்புளமா வந்து முடிஞ்ச பிறகுதான் பிளக்க இறுக்குற.

நான் ஸ்பேனர எடுக்கக்குள்ள முதலாளி வந்து, வாளியத் தூக்கி மடமடெண்டு கவிட்டார்.

"முதலாளி, உள்ளுக்க காத்து நிண்டிரும்!"

"என்ன காத்து? இந்தா நிரம்பி வழியுது, உனக்குக் கண் தெரியாதா? மூடியப் போட்டிட்டுக் காரை எடு. ஊரே ரோட்டில நிக்குது."

மூடினன். அவர் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு முன் சீட்டில ஏறிட்டார். ஹாஜியார அனுப்பி வச்ச பேர் அவருக்கு வேணுமே!

மருதமுனை வரைக்கும் காத்துப் பட ஓடின கார், அங்க போய்க் காக்காவ ஏத்தின பிறகு ஓடல்ல, ஊர்ந்திச்சி. ஹஜ்ஜுக்குப் போறவர் பயணம் சொல்லி விடைபெறுற எண்டா எங்கட ஊர்ல அப்பிடித்தான். முன்னால றபான் மேளம் அடிச்சிப் பைத்துப் பாட்டுப் படிக்கிறாங்க, ரெண்டு பக்கமும் சனம். வாசலுக்கு வாசல் நிப்பாட்டி, காக்கா ஆக்களிட கையப் புடிச்சி, "என்னில பிழை ஏதும் இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க" எண்டு கேக்கிறார். சனம் அழுவுது. ஊர் எல்லையில மதகுக்குக் கிட்ட வரக்குள்ள எரிஞ்ச நாத்தம் வந்திச்சி.

நிப்பாட்டிப் பொனட்டத் திறந்தன். மேல் ஹோஸத் தொட்டாக் குளிருது, ஹெட் அடுப்பில வச்ச சட்டி மாதிரிக் காயுது. ரேடியேட்டர்த் தண்ணி எஞ்சினுக்குள்ள போகவே இல்ல.

"கண்ணூறு பட்டிட்டு" எண்டார் முதலாளி.

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிச்சி. அதுக்குள்ள ஆரோ ஒருத்தன் குடத்தோட ஓடி வந்து எஞ்சினில ஊத்தப் பாத்தான்.

"ஊத்தாதடா! சூட்டில தண்ணி பட்டு ஹெட் வெடிச்சா காருமில்ல, ஹஜ்ஜுமில்ல!"

நான் போட்ட சத்தத்தில றபானும் நிண்டிட்டு. காக்கா இறங்கி வந்து சனத்த விலக்கினார்.

"ரயில் போயிருமா தம்பி?" எண்டு என்னட்டக் கேட்டார்.

காரிட மூக்க உசத்த ஒரு மேடு தேடி ரோட்டப் பாத்தன்.

எங்கட கரையில மேடு எங்க இருக்கு? எல்லாம் மணல் வெளி. அந்த மதகு முதுகுதான் மேடு. றபான் அடிச்சவங்களையே தள்ளச் சொல்லி, காரிட மூக்க மதகில ஏத்திச் சக்கரத்துக்குக் கல்லு வச்சன். சூடு ஆறுற வரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடல்ல. ஆறினோடன பிளக்கத் தளர்த்தி மெல்ல மெல்ல ஊத்தினன். புஸ்ஸெண்டு காத்து வந்திச்சி, பிறகு கொப்புளம், பிறகு வெறுந் தண்ணி. பிளக்க இறுக்கி, மூடி திறந்தபடி எஞ்சின ஓட விட்டு, மேல் ஹோஸ் சுடுற வரைக்கும் கையால அமத்தி அமத்தி விட்டன். நிரம்பி வழிஞ்ச ரேடியேட்டர் செம்பு செம்பாக் குடிச்சிச்சி.

"பாத்தீங்களா முதலாளி, நீங்க நிரப்பின லெச்சணத்த!"

அவர் தொப்பியச் சரிபண்ணிக்கொண்டு போய் முன் சீட்டில ஏறினார்.

பிறகு ஒரு வாசலிலயும் நிப்பாட்டல்ல. மட்டக்களப்பு ஸ்டேசனில ரயில் கூவக்குள்ளதான் போய்ச் சேந்தம். ஏறுற நேரத்தில காக்கா என்ட கையப் புடிச்சார்.

"தம்பி, ஊர் முழுக்கப் பொறுக்கச் சொல்லிக் கேட்டிட்டு வந்தன். நீங்களும் முதலாளியப் பொறுத்திருங்க."

"இப்ப ஏலாது காக்கா. நீங்க போய் வாங்க, பாப்பம்."

காக்கா ஹாஜியாராத் திரும்பி வந்த அண்டைக்கு வீடு நிறையச் சனம். மக்காவில இருந்து கொண்டு வந்த சம்சம் தண்ணிய ஆளுக்குக் கொஞ்சமாக் குடுத்தார். என்ட கையில கோப்பையத் தந்து, காதோட கேட்டார், "பொறுத்திட்டீங்களா தம்பி?"

அந்தத் தண்ணியக் கையில வச்சிக்கொண்டு பொய் சொல்ல ஏலாது. சரி, பொறுப்பம் எண்டுதான் வாயத் திறந்தன். அப்ப பக்கத்தில இருந்த முதலாளி தன்ட கோப்பைய நீட்டினார்.

"ஹாஜியாரே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. அண்டைக்குக் கண்ணூறு பட்ட காருதானே, ரேடியேட்டருக்கும் ஒரு சொட்டு விட்டாப் பறக்கத்து, நல்லா ஓடும்."

அல்லாவே! எனக்கு வந்த கோவத்த என்னெண்டு சொல்ல?

"அத நீங்க குடிங்க முதலாளி! காருக்குக் கிணத்துத் தண்ணி போதும். காத்து எடுக்க எனக்கு நேரத்தத் தாங்க!"

தம்பிமாரே, தண்ணி ஊத்த ஆருக்கும் ஏலும். நீங்க காத்துக்கு வழி விட்டிட்டு ஊத்துங்க. அவசரப்படுத்துறவன் முதலாளியா இருந்தாலும் காத்து முழுக்கப் போகாமப் பிளக்க இறுக்காதீங்க.

ஹாஜியார் கேட்டதுக்கு நான் இன்னும் ஓம் சொல்லல்ல.