பதினோரு வருட விருந்தாளி

விருந்தாளி என்றால் யார் என்பதில் நமக்கு இல்லாத தெளிவு வக்கீல்களுக்கு இருக்கிறது. நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? வருவார், செருப்பை வாசலில் விடுவார், "எதுக்குங்க சிரமம்" என்பார், சிரமப்படுத்துவார், போய்விடுவார். ஆனால் ரசமட்டத்தின் கைக்கு வந்த நோட்டீஸின்படி, விருந்தாளி என்பவர் பதினோரு வருடம் தங்குவார். வந்த வீட்டுக்குத் தரை போடுவார். குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவார். சமைப்பார், துவைப்பார், வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போடுவார். கடைசியில் வீட்டுக்காரர் அவருடைய வலது கையைக் கதவிடுக்கில் வைத்து இரண்டு விரலை முறித்த பிறகு, முப்பது நாளுக்குள் காலி செய்வார்.

ரசமட்டம் என்பது அவள் பெயரல்ல. தரை சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கருவி அது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி, நடுவில் நின்றால் சமம், நகர்ந்தால் கோணல். டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு இருபத்துமூன்று வருடமாகப் போகும் அவள், அந்தக் கருவியைக் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். ஓட்டலில் மேசை ஆடினால்கூட எடுத்து வைத்துப் பார்த்து, சர்வரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பெயர் அப்படி வந்தது.

அவளுக்கு ஒரு வெறுப்பு உண்டு. சில பேர் டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டை சிமெண்டை அப்பி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடியில் காற்று நிற்கும். தட்டினால் 'டொக்' என்று சத்தம் வரும். "கல்லுக்குப் பொட்டு வைக்காதீங்கய்யா, கலவையைப் போட்டு இழுங்க!" என்று கத்துவாள். வேலை முடிந்ததும் முழங்காலில் நகர்ந்து, கலவைக் கரண்டியின் பிடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டுவாள். 'டொக்' கேட்டால், யார் ஒட்டியதானாலும் பெயர்த்துவிடுவாள்.

நோட்டீஸ் சொல்லும் வீட்டுக்காரர்தான் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தக் கார்களில் கற்பவருக்கு ஒரு பிரேக், மாஸ்டருக்கு ஒரு பிரேக். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எவரையும் நம்பக்கூடாது, நம் கால் எப்போதும் பிரேக்கின் மேல் இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். தொழிலை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புரட்சி ஒன்றும் இல்லை. முதல் வருடம் மாஸ்டரின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டாம் வருடம் இவளுக்கு ஏழு மாடிக் கட்டடம் ஒன்று ஒப்பந்தமாகிவிட்டது. மூன்றாம் வருடம் அந்த விஷயம் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மாஸ்டரின் தங்கை முதல் நாளிலேயே "அண்ணி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதால், மற்றதெல்லாம் நடந்துவிட்டது போலவே இருந்தது.

முதல் வருடமே மூன்றாம் மாடியில் அந்த வீட்டை வாங்கியபோது அது வெறும் சிமெண்ட் கூடு. பத்திரம் பதிகிற நாளில் ரசமட்டம் ஒரு மருத்துவமனையின் வராந்தாவில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். மாஸ்டர் சாயங்காலம் வந்து சொன்னார்: "ரெண்டு பேரு பேர்ல போட்டா ரெண்டு மடங்கு அலைச்சலாம். ஒரு பேர்ல முடிச்சுட்டேன்." எந்த ஒரு பேர் என்று அவளும் கேட்கவில்லை. ஆனால் தரை போட்டுக்கொண்டே வரும்போது அது உறைத்துக்கொண்டே வந்தது. தரை போடுகிறவர்கள் உள்சுவரில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலில் முடிப்பார்கள். அப்படிச் சமையலறை நிலைப்படிக்கு வந்து, கடைசிக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, ஒரு கல்லுதானே பாக்கி?"

"ஆமா. என் பேரு எங்கன்னு சொல்லுங்க, ஒட்டறேன்."

மாஸ்டர் சிரித்தார். கல்லை அவள் மடியிலிருந்து எடுத்துக் கவிழ்த்து, வெட்டுக்கோடு போட அவள் வைத்திருந்த மெழுகுப் பென்சிலால் முதுகில் எழுதினார். "இந்த வீடு எங்கள் இருவருடையது. பாதி அவளுடையது." கீழே தேதி. அதற்கும் கீழே, மாணவர்களின் பயிற்சி அட்டையில் தினமும் நாற்பது முறை போடும் அந்த நீளமான கையெழுத்து, வால் உட்பட.

"போதுமா? ஒட்டு."

ஒட்டினாள். தன் பாத்தியதைப் பத்திரத்தைத் தன் கையாலேயே சிமெண்டில் புதைத்தாள். மெழுகின் மேல் கலவை பிடிக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒட்டினாள். மறுநாள் தட்டிப் பார்த்தபோது 'டொக்' என்றது. கரண்டியை ஓங்கினாள், அப்புறம் கீழே வைத்துவிட்டாள். வாழ்நாளில் அவள் பெயர்க்காமல் விட்ட ஒரே கல் அது.

அதற்குப் பிறகு மாஸ்டர் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தக் கல்லைக் குதிகாலால் தட்டி, "பெரிய ரசமட்டம்! சொந்த வீட்டுக் கல்லு ஆடுது" என்று கேலி செய்வார். முதல் இரண்டு வருடம் இருவரும் சிரித்தார்கள். ஐந்தாம் வருடம் அவர் மட்டும் சிரித்தார். ஒன்பதாம் வருடத்தில் கேலி நின்று, தட்டு, பாத்திரங்கள் பறக்க ஆரம்பித்தன. பதினோராம் வருடம், அவளுக்கு வந்த ஒரு பெரிய வேலை மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். எந்தக் கை என்று பார்த்துத்தான் சாத்தினார்.

அவள் நீதிமன்றம் போனாள், பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. மாஸ்டர் ஓராண்டுக்கு அந்த வீட்டுக்கு நூறு மீட்டருக்குள் வரக்கூடாது. சட்டத்தை மதிப்பவர் ஆதலால் நூற்றியோராவது மீட்டரில் இருந்த தேநீர்க் கடையில் தினமும் நின்று, மாடியைப் பார்த்தபடி தேநீர் குடித்தார். அங்கிருந்தபடியே வெளியேற்ற வழக்கும் போட்டார். வீடு என்னுடையது, அவள் என் விருந்தாளி, விருந்து முடிந்தது.

ரசமட்டம் கட்டுப்போட்ட கையோடு உத்தரவு கொடுத்த நீதிமன்றத்துக்கு ஓடினாள். "அடிச்சதுதான் எங்க விஷயம். வீடு யாருதுங்கறது எதிர்ல இருக்கற கோர்ட்டும்மா" என்றார்கள். சாலையைக் கடந்து எதிர் நீதிமன்றத்துக்குப் போனாள். "வீடுதான் எங்க விஷயம். அடிச்சதெல்லாம் எதிர்ல." ஒரே சாலை. இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் வீடு. நடுவில் போக்குவரத்து விளக்கு. அதுகூட அவளுக்குச் சிவப்பாகத்தான் விழுந்தது. நின்ற இடத்தில் நின்று, போகிற வண்டிகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒரு வண்டியின் மேல் மாஸ்டரின் ஓட்டுநர் பள்ளிப் பலகை இருந்தது. அதை இரண்டு முறை திட்டினாள்.

அந்த வாரம் மாஸ்டரின் தங்கை ஒரு பட்டியலோடு வந்தாள். அண்ணனின் சட்டைகள், இஸ்திரிப்பெட்டி, தோள்வலிக்குத் தடவும் தைலம்.

"இங்க பாருங்க... வந்து... நீங்க..."

"என்னடி, வார்த்தை வரல? பதினோரு வருஷமா அண்ணி அண்ணின்னு வாய் ஓயாம கூப்பிட்ட. நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

தங்கை இஸ்திரிப்பெட்டியின் ஒயரைச் சுற்றினாள். "வக்கீல் சொல்லிட்டார். அப்படிக் கூப்பிட்டா கேஸ் நிக்காதாம்."

"அப்ப என்னன்னு கூப்பிடச் சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

"உன் பிரசவத்துக்கு ரத்தம் குடுத்தேனே. அது என்ன ரத்தம்னு கேட்டுட்டு வா. விருந்தாளி ரத்தமா, சொந்தக்காரி ரத்தமான்னு."

"கோவப்படாதீங்க. எனக்கு அண்ணனும் வேணும்ல..."

"வெச்சுக்கோ. தைலத்தையும் எடுத்துட்டுப் போ. கதவைச் சாத்தினதுல தோள் வலிக்கும்."

அவளுக்கு வழக்காட இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா சின்ன வயசு, குதிகால் செருப்பு, பேச்சில் வேகம். ஏதாவது காகிதம் கிடைக்குமா என்று தேட வீட்டுக்கே வந்தாள். பெட்டியைக் கவிழ்த்தார்கள், மெத்தைக்கு அடியில் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. தண்ணீர் குடிக்க, கழற்ற மறந்த செருப்போடு சமையலறைக்குப் போன வக்கீலம்மா நிலைப்படியிலேயே நின்றாள்.

டொக்.

"என்ன மேடம், ஊரெல்லாம் தட்டித் தட்டிப் பார்ப்பீங்கன்னாங்க. உங்க வீட்டுலயே இப்படியா?"

ரசமட்டம் அந்தக் கல்லையே பார்த்தாள். அப்புறம் அதன் முதுகில் இருப்பதைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது வக்கீலம்மா அந்தக் கல்லிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"காகிதம் இருக்கான்னுதானே கேட்டீங்க? கல்லு இருக்கான்னு யாரும் கேக்கலையே."

"அந்த ஆளுக்கு ஞாபகம் இருக்குமா?"

"எழுதினவருக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? மிதிச்சு மிதிச்சு சிரிச்சவர்."

ரசமட்டம் உளியை எடுக்கக் குனிந்தாள். வக்கீலம்மா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "தொடாதீங்க! நீங்க எடுத்தா நீங்களே எழுதினதாச் சொல்வாங்க. கோர்ட்டு ஆள் முன்னாடிதான் எடுக்கணும்."

மூன்று வாரம் கழித்து நீதிமன்ற ஆணையர் வந்தார். மூக்கில் பெரிய கைக்குட்டை வைத்திருந்தார். சிமெண்ட் தூசு ஆகாதாம். மாஸ்டர் சார்பில் அவருடைய வக்கீலும் தங்கையும் வந்து நின்றார்கள். யார் பெயர்ப்பது என்று சிறு விவாதம். வேறு ஆள் கூப்பிடலாமே என்றார் எதிர்வக்கீல். ரசமட்டம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தரையில இன்னொருத்தன் உளி வெச்சா கையை ஒடிச்சுடுவேன்."

"பார்த்தீங்களா, மிரட்டறாங்க" என்றார் எதிர்வக்கீல், எழுதிக்கொண்டே.

அவள் முழங்காலில் அமர்ந்தாள். முறிந்து, எலும்பு வளைந்தே கூடிய இரண்டு விரல்களும் உளியைச் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்று விரலால் பிடித்தாள். இணைப்புகளை நாலு பக்கமும் கீறினாள். மற்ற கல்லாக இருந்தால் தூளாகத்தான் வந்திருக்கும். இது முழுசாக எழும்பியது. திருப்பினாள். மெழுகு அப்படியே கறுப்பாக, சிமெண்ட் தீண்டாமல் இருந்தது. ஆணையர் கைக்குட்டையை எடுத்துவிட்டு உரக்க வாசித்தார். கையெழுத்தின் வால்வரை வாசித்தார். தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் எதிர்வக்கீல் கையெழுத்தை மறுக்க முடியவில்லை. பயிற்சி அட்டைகள் ஊர் முழுக்க இருந்தன. வேறு வழியாக வந்தார். அது ஏதோ பிரியத்தில் விளையாட்டாக எழுதியது என்றார். பிறகு குரலை உயர்த்தி, விருந்தாளியாகத் தங்கிய இப்பெண் வீட்டுக்காரரின் தரையைச் சேதப்படுத்தியிருக்கிறார், தன் செலவிலேயே அதைச் சரிசெய்து தர வேண்டும் என்றும் கேட்டார்.

ரசமட்டம் எழுந்துவிட்டாள். வக்கீலம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"விருந்தாளிகிட்டயா சார் தரை போடச் சொல்றீங்க? உங்க வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் இப்படித்தான் வேலை வாங்குவீங்களா? சொல்லுங்க, நான் வரல."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை மூட நேரம் எடுத்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. கல்லின் முதுகில் எழுதியது பத்திரம் ஆகாது. ஆனால் விருந்தாளிக்கு யாரும் அப்படி எழுதித் தருவதும் இல்லை. ஆகவே பாதி யாருக்கு என்ற வழக்கு முடியும்வரை அவளை வெளியேற்றக்கூடாது. கல் சாட்சிப் பொருளாக நீதிமன்றத்திலேயே இருக்கும். வீடு உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். எந்த மாற்றமும் யாரும் செய்யக்கூடாது.

"உள்ளபடின்னா?" என்று கேட்டாள்.

"குழியும்தான். மூடாதீங்க" என்றாள் வக்கீலம்மா.

அப்படியாக, ஒரு 'டொக்'கைக்கூடப் பொறுக்காத ரசமட்டம், நீதியின் பேரில், சமையலறை வாசலில் ஒரு சாண் அகலக் குழியைக் காவல் காத்தாள். அதே தொகுதியில் மிச்சமான ஆறு கல் பரணில் இருந்தது. கலவை இருந்தது. கரண்டி இருந்தது. தினமும் அந்தக் குழியைத் தாண்டும்போது பல்லைக் கடித்தாள். வீட்டையும் கையையும் இரண்டு கட்டடத்துக்குப் பிரித்துக் கொடுத்தவனை ஒரு வார்த்தை, ஒரே பெயரில் பதிந்தவனை ஒரு வார்த்தை, மெழுகில் கொடுத்த வாக்கை நம்பிய தன்னை ஒரு வார்த்தை என்று திட்டினாள். மூன்றாவது வார்த்தைதான் கொஞ்சம் கெட்ட வார்த்தை.

ஒரு ஞாயிறு காலை தங்கை மறுபடி வந்தாள். அண்ணனின் குளிர்காலப் போர்வை வேண்டுமாம். எங்கே இருக்கிறது என்று கேட்காமல், பழகிய வீடு போல நேராகச் சமையலறைப் பரண் பக்கம் நடந்தாள். பழகிய வீடுதான்.

கால் குழிக்குள் இறங்கியது.

"அய்யோ அண்ணி!"

நிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றாள். சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் உதட்டைக் கடித்தாள். ரசமட்டம் அடுப்படியிலிருந்து திரும்பவில்லை.

"பார்த்து வாம்மா. விருந்தாளி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா, வீட்டுக்காரிக்குத்தான் கெட்ட பேரு."